தோட்டாச் செலவு ஒன்று

எங்கள் வங்கிக் கிளையில் போன வருடம் சிறந்த வாடிக்கையாளர் சேவைக்கான விருதை வாங்கியவர் துப்பாக்கி வைத்திருப்பவர். காசாளர் அக்கா இல்லை, கடன் பிரிவு அதிகாரி இல்லை, எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கி மூன்று தேர்வு எழுதி உள்ளே வந்த நானும் இல்லை. வாசல் பக்கம் நாற்காலி போட்டு, மடியில் இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காவலர். நாங்கள் அவரைக் கன்மேன் அண்ணன் என்போம். வாடிக்கையாளர்களுக்கு அவர் பேனா அண்ணன்.

அவர் சட்டைப் பையில் எப்போதும் ஏழு பேனா இருக்கும். வரிசையில் நிற்கிற யாராவது சட்டைப் பையைத் தட்டி, கால்சட்டைப் பையைத் தட்டி, மறுபடி சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோனால் போதும், வாசல் நாற்காலி காலியாகிவிடும். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று எதிரே வந்து நிற்பார்.

“என்ன சார் தேடுறீங்க? பேனாவா? கண்ணாடியா? பாஸ்புக்கா? சொல்லுங்க சார், சொல்லுங்க.”

புதிதாக வருகிறவர்கள் கையைத் தூக்கிவிடுவார்கள். பழகினவர்கள் சிரிப்பார்கள். ஒரு தடவை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “ஒண்ணும் தேடலப்பா, சும்மா தட்டிப் பாத்தேன்” என்றார். அண்ணன் விடவில்லை. “சும்மா யாரும் தட்ட மாட்டாங்க சார். நல்லா யோசிங்க” என்று கெஞ்சாத குறையாகப் பக்கத்திலேயே நின்றார். கடைசியில் ஆசிரியர், மனுஷன் தொல்லை தாங்காமல், இருமல் மாத்திரை தேடியதாக ஒரு பொய் சொன்னார். அண்ணன் ஓடிப்போய் எதிர்க் கடையில் இருமல் மாத்திரை வாங்கி வந்தார். அந்த ஐந்து நிமிடம் வங்கியை யாராவது அள்ளிக்கொண்டு போயிருக்கலாம்.

விருதுக்கான பரிந்துரையை எழுதியது நான். ‘வாடிக்கையாளர் வாய் திறக்கும் முன்பே அவர் தேவையை உணர்பவர்’ என்ற வரியை மேனேஜர் இரண்டு முறை படித்துவிட்டு, “படிச்ச பையன் படிச்ச பையன்தான்யா” என்றார். விருது வாங்கும் படத்தில் அண்ணனுக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருக்கும். அடக்கமான மனிதர் என்று நினைத்தோம். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு டோக்கன் கருவிக்கு மேலே மாட்டினோம்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கையில், வேறொரு கிளையில் இருந்த ஒரு கன்மேன் மின்விசிறியைச் சுட்டுவிட்டார். தலைக்கு மேல் இருந்த விசிறி சுற்றவில்லை என்று நான்கு கடிதம் எழுதியிருக்கிறார். ஐந்தாவது கடிதத்துக்குப் பதிலாகத் துப்பாக்கியைத் தூக்கினார். ஆள் சேதம் இல்லை. விசிறி சம்பவ இடத்திலேயே காலமானது.

தலைமை அலுவலகம் ஆடிப்போய்விட்டது. மறுவாரமே சுற்றறிக்கை வந்தது. எல்லாக் கன்மேன்களும் அரசு மருத்துவமனையில் மனநலத் தகுதிச் சான்று வாங்க வேண்டும். மாதக் கடைசிக்குள் சான்று இல்லையென்றால் துப்பாக்கி உரிமம் புதுப்பிக்கப்படாது. உரிமம் இல்லாதவருக்கு வேலை இல்லை. கன்மேன் அண்ணன் பதினைந்து வருடம் ராணுவத்திலும் பதினொரு வருடம் வங்கியிலும் துப்பாக்கியோடு இருந்தவர். உன் மனசு எப்படி இருக்கிறது என்று அவரைக் கேட்பதற்கு ஒரு மின்விசிறி உயிரை விட வேண்டியிருந்தது.

“நாப்பத்தாறு வயசாச்சு தம்பி” என்றார் என்னிடம். “பொண்ணு நர்சிங் கடைசி வருஷம். துப்பாக்கி இல்லாத கன்மேனை எவன் வேலைக்கு வெப்பான்?”

“எதுக்குப் பயப்படுறீங்கண்ணே? படிவத்தைக் குடுங்க. நான் இருக்கேன்ல.”

சும்மா சொல்லவில்லை. எங்கள் ஊரில் எந்த விண்ணப்பமானாலும் என் கை பட்டுத்தான் போகும். ஒரு கட்டம் காலியாக விடமாட்டேன், ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. என் கையால் நிரப்பிய படிவம் எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய கோப்புகள் வைக்கிற அறையில் உட்கார்ந்தோம். நான்கு பக்கம், பதினெட்டுக் கேள்வி.

“தூக்கம் எப்படிண்ணே?”

“வரும். வந்த வேகத்துல போயிடும்.”

“நன்றுன்னு போடுறேன். பசி?”

“அவ சமையலைப் பொறுத்தது.”

“அதுவும் நன்று. கோபம்?”

“யார் மேல?”

“பொதுவா.”

“பொதுவா யார் மேலயும் இல்ல.”

இப்படியே பதிமூன்று கேள்வியைத் தாண்டினோம். பதினான்காவதை நான் வாய்விட்டுப் படிக்காமலே ‘இல்லை’ என்று எழுதிவிட்டேன். அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

“அதைப் படிக்கலையே?”

“அது உங்களுக்கு இல்லண்ணே.”

“படி.”

படித்தேன். ‘எவருக்கேனும் மரணமோ கொடுங்காயமோ விளைவித்ததுண்டா? ஆம் எனில் எத்தனை பேர்? பணியின்போது நிகழ்ந்தவை நீங்கலாக.’

“நீ என்ன எழுதின?”

“இல்லைன்னு. மிலிட்டரில செஞ்சது இதுல வராது. வெளில எவனையாவது வெட்டினது குத்தினதுன்னு இருந்தா மட்டும்தான் சொல்லணும். வெட்டியிருக்கீங்களா?”

“இல்ல.”

“அப்ப இல்லை. அவ்வளவுதான். பதினஞ்சாவது...”

“அப்ப அவன் எங்க போனான்?”

“எவன்?”

அண்ணன் சாப்பாட்டு டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். எனக்கு ஏதோ யுத்தக் கதை கிடைக்கப்போகிறது என்று உள்ளுக்குள் ஒரு குஷி. குண்டுமழை, புகை, கோஷம் என்று மனசுக்குள் தயாராகிவிட்டேன். அப்படி எதுவும் இல்லை. ஒரு மலை. இந்தப் பக்கம் இவர்கள் முகாம், அந்தப் பக்கம் அவர்கள் முகாம். நாற்பது நாளாக இரு தரப்பிலும் ஒன்றும் நடக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பத்தொன்றாம் நாள் காலையில் அந்தப் பக்கத்துப் பாறை மறைவிலிருந்து ஒருவன் தனியாக வெளியே வந்தான். கையில் ஆயுதம் இல்லை. துப்பாக்கித் தொலைநோக்கியில் அவன் சட்டைப் பொத்தான் வரைக்கும் அண்ணனுக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த அதிகாரி, “போடு” என்றார்.

“அவன் சட்டைப் பையைத் தட்டினான் தம்பி. அப்புறம் கால்சட்டைல ரெண்டு பக்கமும் தட்டினான். எதையோ காணோம் அவனுக்கு. மறுபடி சட்டைப் பைக்குக் கை போச்சு. அப்பதான் போட்டேன்.”

“என்ன தேடினான்ணே?”

“அதைத்தான் பத்தொன்பது வருஷமா நானும் கேட்டுட்டிருக்கேன்.”

நானும் என் டப்பாவை மூடினேன். அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். அன்று சாயங்காலம் முகாம் பதிவேட்டில் எழுதினார்களாம். தோட்டாச் செலவு: ஒன்று. மீதி: இருபத்தொன்பது. ஒரே தோட்டாவில் காரியம் முடிந்ததற்காக, சிக்கனத்தைப் பாராட்டி மேலிடத்திலிருந்து ஒரு கடிதமும் வந்ததாம். கடிதத்திலும் தோட்டாதான் இருந்தது.

“அவன் எந்தக் காகிதத்துலயும் இல்ல. அவங்க ஆளுங்க எழுதியிருப்பாங்களோ என்னமோ. நம்ம பக்கத்துல இல்ல. இத்தனை வருஷத்துல இந்தப் பதினாலுதான் வாயைத் திறந்து கேட்டிருக்கு. கேட்டுட்டு, அதுவே சொல்லாதேங்குது. என்ன நியாயம் இது?”

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். படித்தவன் அல்லவா, முடியவில்லை.

“அண்ணே, படிவம் எதைக் கேக்குதோ அதுக்கு மட்டும் பதில் சொல்லணும். மனசுல இருக்கிறதையெல்லாம் எழுத இது டைரி இல்ல. ஆம்னு எழுதினீங்கன்னா வேலை போயிடும். பாப்பா படிப்பை நினைச்சுப் பாருங்க.”

அண்ணன் படிப்பை மிகவும் மதிப்பவர்.  மறுபேச்சு பேசாமல் நான்காம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது டோக்கன் கருவிக்கு மேலே மாட்டியிருந்த படத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வாய் திறக்கும் முன்பே தேவையை உணர்பவராம்.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி பாஸ்புக்கில் வரவு பதிய வந்தார். அண்ணன் தேநீர் குடிக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து என் ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

“தம்பி, என்னமோ படிவமாமே. ரெண்டு நாளா சாப்பாட்டுத் தட்டையே பாத்துட்டு உக்காந்திருக்காரு. எழுத வேண்டியதை எழுதி வேலையைக் காப்பாத்திக் குடுத்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“கையெழுத்தே வாங்கிட்டேன் அண்ணி. கவலைப்படாதீங்க.”

“அவருக்கு வேற ஒரு குறையும் இல்ல தம்பி. குடி கிடையாது, சண்டை கிடையாது. என்ன, வீட்டுல எதுவும் தொலையக் கூடாது. சீப்பைக் கண்ணாடியோட சேத்து நூல்ல கட்டியிருக்காரு. ரிமோட்டு ஜன்னல் கம்பியில தொங்குது. கத்தரிக்கோலுக்குச் சங்கிலி, நாய்க்குப் போட்ட மாதிரி. எங்க அக்கா வந்து பாத்துட்டு, ‘மிலிட்டரி மாப்பிள்ளைன்னா சும்மாவா, என் வீட்டு மனுஷனுக்கு அவர் சட்டையே எங்க இருக்குன்னு தெரியாது’ங்கறா. பெருமையாம்.”

“நல்லதுதானே அண்ணி.”

“ஒரு நாள் சாவியைக் காணோமேன்னு இடுப்பைத் தடவிட்டு நின்னேன். மனுஷன் சுவத்தைப் பிடிச்சுட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாரு. கட்டினப்போ இப்படி இல்ல. பொண்ணுக்கு ஒரு வயசு இருக்கையில லீவுல வந்தாரு, அப்பலேர்ந்துதான். என்னன்னு கேட்டா, ‘பழக்கம்’ங்கறாரு. இத்தனை வருஷமா அந்த ஒரு சொல்லுதான்.”

எனக்குத் தெரியும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அது நான் சொல்ல வேண்டிய சேதி இல்லை. பாஸ்புக்கைப் பதிந்து கொடுத்தேன்.

மருத்துவமனைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி மேனேஜர் அரை நாள் விடுப்பு கொடுத்தார். மனநலப் பிரிவு இரண்டாம் மாடியில், எக்ஸ்ரே அறைக்கு அடுத்து இருந்தது. பெஞ்சில் எங்களுக்கு முன்னால் பதினோரு பேர். டாக்டர் அவசரத்தில் இருந்தார். ஆனால் நல்ல மனிதர்.

“இன்னிக்கு என்ன கிழமை?”

“வியாழன்.”

“நூறுல ஏழு போனா?”

“தொண்ணூத்தி மூணு.”

“காதுல ஏதாவது குரல் கேக்குதா?”

“சம்சாரம் குரல் மட்டும் கேக்கும் டாக்டர்.”

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். “இது போதுங்க. இதுக்கு மேல என்ன மனநலம் வேணும்?” என்று முத்திரைக் கட்டையைத் தூக்கினார். அண்ணன் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ளவில்லை.

“டாக்டர், அந்தப் பதினாலாவது கேள்வி...”

“அது உங்களுக்கு இல்லைங்க.”

“எனக்கு ஒருத்தன் இருக்கான் டாக்டர்.”

“நீங்க மிலிட்டரிதானே? கடமையைச் செஞ்சீங்க. நாங்கல்லாம் நிம்மதியா இருக்கோம்னா உங்களாலதான். அடுத்தவரை வரச் சொல்லுங்க.”

முத்திரை விழுந்தது. ‘தகுதி’. மூன்று நிமிடம் ஆகியிருக்கும். நான் படிவத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, அடையாள அட்டையை நகல் எடுக்க மகிழ்ச்சியாகக் கீழே ஓடினேன். அங்கேதான் தவறிவிட்டேன். நான் திரும்பி வருவதற்குள் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து, என் அழகான ‘இல்லை’யைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்து, மேலே ‘ஆம். ஒருவர்’ என்று எழுதியிருந்தார். சட்டைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துப் படிவத்தோடு சேர்த்துக் குத்தியும் விட்டார். வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்.

“அண்ணே! என்ன காரியம் பண்றீங்க!”

“நீ சொன்னதை நல்லா யோசிச்சுப் பாத்தேன் தம்பி. படிவம் கேட்டதுக்குத்தான் பதில் சொல்லியிருக்கேன்.”

அதற்குள் சான்றிதழ் கொடுக்கிற ஜன்னலில் அவர் முறை வந்துவிட்டது. பிரிவு எழுத்தர் அம்மா பக்கங்களை எண்ணினார்.

“படிவம் நாலு பக்கம். இது என்ன அஞ்சாவது?”

“அவனைப் பத்திம்மா.”

“எவனை? இணைப்புக்கெல்லாம் இதுல இடமே இல்லையே. அடிச்சு வேற எழுதியிருக்கீங்க. டாக்டர் அந்த ‘இல்லை’யைப் பாத்துத்தானே தகுதி போட்டிருக்காரு?”

“அவர் பாக்கவே இல்லம்மா.”

பின்னால் வரிசையில் ஒருவர், “சார், உங்க குடும்பக் கதையை வீட்டுல போய்ப் பேசிக்கலாம்ல, நாங்க நிக்கறோம்ல” என்றார்.

எழுத்தர் அம்மாவுக்கும் இரக்கம்தான். குரலைத் தாழ்த்தினார். “இங்க பாருங்க. பக்கத்துலயே திரும்ப ‘இல்லை’ன்னு எழுதிச் சுருக்கொப்பம் போடுங்க, இந்தத் தாளைக் கையில வெச்சுக்கோங்க, சான்றிதழை இப்பவே தர்றேன். இல்லைன்னா மேலிடத்துப் பரிசீலனைக்குத்தான் அனுப்பணும். எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது.”

நான் அண்ணன் கையைப் பிடித்தேன். “ஒரு வார்த்தைண்ணே. உங்க கால்ல வேணா விழுறேன்.”

அவர் என் கையை மெதுவாக விலக்கினார். “பரிசீலனைக்கே அனுப்பிடுங்கம்மா.”

மாதம் முடிந்தது. உரிமமும் முடிந்தது. மேனேஜர், “கொஞ்ச நாள் வீட்டுல இருங்க, பாப்போம்” என்று சொல்லி அண்ணனை அனுப்பிவிட்டார். அண்ணி வங்கிக்கு வந்து என் ஜன்னல் முன் நின்றார். “கையெழுத்தே வாங்கிட்டேன்னீங்களே தம்பி” என்று மட்டும் கேட்டார். என் பட்டத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பேன்.

அண்ணன் இடத்துக்குத் தற்காலிகமாக ஓர் ஆளை அனுப்பியது தலைமை அலுவலகம். வந்து நின்றவர் யாரென்றால், மின்விசிறியைச் சுட்ட அதே கன்மேன். அவருக்குச் சான்று முதல் நாளே கிடைத்துவிட்டதாம். பதினான்காம் கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறார். அது உண்மையும்கூட. விசிறி அந்தக் கேள்வியில் அடங்காது. நல்ல கலகலப்பான மனிதர். வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, அண்ணாந்து பார்த்து, “இது நல்லா சுத்துமா?” என்று கேட்டார். மேனேஜர் அன்று மத்தியானமே எலக்ட்ரீஷியனை வரவழைத்துக் கிளையில் இருந்த ஒன்பது விசிறிக்கும் எண்ணெய் போடச் சொன்னார்.

வாடிக்கையாளர்கள் பையைத் தட்டிக்கொண்டே நின்றார்கள். யாரும் வந்து கேட்கவில்லை.

அண்ணன் வீட்டோடு இருக்க ஆரம்பித்த பதினெட்டாம் நாள் மேலிடத்துக் கடிதம் வந்தது, கிளை முகவரிக்கு. மேனேஜர் அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார். எல்லோரும் சுற்றி நிற்க, நான்தான் படித்தேன்.

‘பதினான்காம் வினாவுக்குத் தாங்கள் அளித்த ஆம் என்னும் விடை, பணியின்போது நிகழ்ந்ததைக் குறிப்பதாகத் தெரியவருவதால், இல்லை எனக் கொள்ளப்படுகிறது. தாங்கள் தகுதியுடையவர் என இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது. இணைப்பு, ஒரு தாள், தேவையற்றது என்பதால் திருப்பி அனுப்பப்படுகிறது. இம்முடிவின் மீது முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.’

கைதட்டல். காசாளர் அக்கா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார். “அண்ணே, நீங்க என்ன எழுதினாலும் அவங்க நல்லதாத்தான் படிப்பாங்க போல. அதிர்ஷ்டக்காரர்ணே நீங்க!”

அண்ணன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். நான்காக மடித்தது மடித்தபடியே இருந்தது.

“பிரிச்சே பாக்கல” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். “தம்பி, மேல்முறையீட்டுக்கு என்ன செய்யணும்?”

காசாளர் அக்கா பிஸ்கட்டை வாயருகே வைத்தபடி நின்றுவிட்டார். “பைத்தியம் இல்லைன்னு குடுத்த சர்டிபிகேட்டை எதிர்த்து அப்பீலா? அதைப் பாத்தா என்ன நினைப்பாங்க?”

“சர்டிபிகேட் இருக்கட்டும்மா. நான் எழுதின ‘ஆம்’ங்கறதை ‘ஆம்’னே வெச்சுக்கச் சொல்லணும். அவ்வளவுதான்.”

மேனேஜர் அரைமணி நேரம் பேசிப் பார்த்தார். வேலை நிலைத்துவிட்டது, துப்பாக்கி திரும்பி வந்துவிட்டது, பெண் படிப்பு முடியப்போகிறது, இதற்கு மேல் என்னதான் வேண்டும் என்று கேட்டார். அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். அவர் மறுபடி துப்பாக்கியோடு வாசலில் உட்கார்ந்தார். நான் மேல்முறையீட்டுப் படிவத்தை வரவழைத்தேன். இந்த முறை பதினான்காம் கேள்விக்கு என் கையாலேயே ‘ஆம்’ என்று எழுதினேன். ‘எத்தனை பேர்’ என்பதை அவரே எழுதுவதாகச் சொன்னார்.

ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. மனநலம் பற்றிய மேல்முறையீடு ஆகையால், இணைப்பைப் படித்துப் பார்த்ததாகக் குடும்பத்தார் ஒருவர் கையொப்பமிட வேண்டும்.

அண்ணன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

“அரசாங்கத்துக்கு எழுதிட்டேன் தம்பி. டாக்டர்கிட்ட, ஜன்னல்ல, உன்கிட்டன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அவகிட்ட எப்படிச் சொல்றது?”

“எழுதினதைக் குடுத்துடுங்கண்ணே. அவங்களே படிச்சுக்கட்டும்.”

“படிச்சதுக்கு அப்புறமும் அதே வீட்டுலதானே இருக்கணும்.”

ஒவ்வொரு நாளும் தாள் சட்டைப் பையில் வீட்டுக்குப் போனது, மறுநாள் அதே பையில் வங்கிக்கு வந்தது. கடிதம் வந்த இருபத்தாறாம் நாள் அண்ணி பாஸ்புக்கோடு வந்தார். கூட்டம் இல்லை. நான் அண்ணனைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவர் துப்பாக்கியை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போய் (விதிமுறைப்படி அது பெரிய குற்றம்) தாளை அண்ணியிடம் நீட்டினார்.

“இதைக் கொஞ்சம் படி.”

“என்னது?”

“படியேன்.”

அண்ணி வாடிக்கையாளர் சோபாவில் உட்கார்ந்தார். எழுத்துக் கூட்டி, உதடு அசைய, மெதுவாகப் படிக்கிறவர். ஒரு பக்கம்தான். முடித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து ஆரம்பித்தார். அண்ணன் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கணினித் திரையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

“என்ன வயசிருக்கும் அவனுக்கு?” என்று கேட்டார் அண்ணி.

“என் வயசுதான் இருக்கும். அப்ப.”

“கல்யாணம் ஆயிருந்துதா?”

“தெரியல.”

“உங்க வயசுன்னா ஆயிருக்கும்.” தாளை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். “கையெழுத்து எங்க போடணும் தம்பி?”

படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போட்டார். போட்டுவிட்டு, பக்கத்தைப் புரட்டிப் பதினான்காம் கேள்வியைக் கண்டுபிடித்தார். அண்ணன் முதல் நாள்தான் அந்த இடத்தில் பென்சிலால் ‘ஒருவர்’ என்று லேசாக எழுதிவைத்திருந்தார், பிறகு மையால் எழுதலாமென்று.

“ஒருத்தர்னா போட்டிருக்கீங்க?”

“ஒருத்தன்தான். சத்தியமா.”

“அவன் ஒருத்தன். அவளை எதுல சேப்பீங்க? புள்ளை இருந்திருந்தா?” அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இங்க நிக்கறாரே, இவரு?”

அண்ணன் கட்டியிருந்த கையைப் பிரித்தார். அப்புறம் சோபாவில் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அந்த சோபாவில் உட்கார்ந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. மேனேஜர் அறைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, வாசலில் ஆளில்லை என்று சைகை காட்டினார். யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் கொள்ளையடிக்கவும் வரவில்லை.

கிளம்பும்போது அண்ணி பென்சில் எழுத்தைப் புடவைத் தலைப்பால் தேய்த்து அழித்துவிட்டார். மேல்முறையீட்டுக் கெடுவில் நான்கு நாள்தான் மிச்சம் இருந்தது. ‘எத்தனை பேர்’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டே, என் வாழ்க்கையில் முதன்முதலாக, ஒரு படிவத்தைத் தபாலில் சேர்த்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து அது திரும்பி வந்தது. ‘விடுபட்ட இடத்தை நிரப்பி மீண்டும் சமர்ப்பிக்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. மறுபடி எப்போது அனுப்பலாம் என்று அண்ணியிடம் கேட்டேன்.

“இருங்க தம்பி, என்ன அவசரம்? நாங்க இன்னும் பேசி முடிக்கல” என்றார்.